அணையக் கூடாத திரை

அழுது முடித்த வீடு என்று உலகத்தில் ஏதாவது உண்டா? இந்த நாலு மாதத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஜீவராணி வீட்டு வாசலில் நம்மோடு நின்றவர்களுக்குப் பதில் தெரியும். நிற்காதவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கே மனசு வராது.

ஜீவராணியின் மூத்த பிள்ளை தனுஷன். படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்தவன். சும்மா இருக்க மாட்டாமல் மடிக்கணினியில் கடைகளுக்கு விளம்பர அட்டை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாலு மாதத்துக்கு முன்னால், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பகலில், கொழுந்து பறிக்கப் போன அம்மா தன் படங்கை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பதைப் பார்த்தான். இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அந்தத் தடித்த சாக்குத் துணி இல்லாவிட்டால் அம்மா நனைந்து நடுங்குவாளே என்று எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினான். "இந்தா வந்துர்றேன்" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போனான். அதனால் கணினியை அணைக்கவில்லை.

மலையில் குளவிக்கூடு கலைந்தது. கையில் இருந்த படங்கை அம்மா மேல் போட்டு மூடி, அதற்கு மேல் தானும் விழுந்து கிடந்தான். அம்மா பிழைத்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே பிள்ளை போய்விட்டான். அவன் போன் தேயிலைச் செடிகளுக்குள் எங்கோ விழுந்தது, தேடியும் கிடைக்கவில்லை.

செத்த வீட்டில் ஏற்றி வைத்த விளக்கு கருமாதி வரைக்கும் அணையக் கூடாது என்பது நம்முடைய வழக்கம். ஜீவராணி விளக்கோடு நிற்கவில்லை. பிள்ளை போகும்போது எரிந்துகொண்டிருந்த திரையும் அணையக் கூடாது என்றாள். பெற்ற வயிறு எரிகிறபோது யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அவன் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் கணினியை வைத்தார்கள். கருமாதி முடிந்தது, விளக்கை எடுத்தாயிற்று. திரையை மட்டும் அவள் விடவில்லை. டேட்டா தீர்ந்தால் முதல் ஆளாக ரீலோட் போடச் சொல்வாள்.

அப்புறம் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், தொட ஆளில்லாத அந்தத் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மறுநாளும் அதே நேரம் நகர்ந்தது. அன்றிலிருந்து ஜீவராணி மலையிலிருந்து இறங்கியதும் கால் கழுவி, ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கணினி முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளை வருகிறானாம்.

இவ்வளவுதான் கதை. இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

தனுஷனின் தங்கச்சி பிரேமினி அன்று ஒரு முடிவோடு எழுந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறவள் அவள். வெள்ளிக்கிழமை பள்ளி அதிபர் சுதாகரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார்.

"பிரேமினி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒங்க அண்ணன் பேர்ல எனக்கு இமெயில் வந்திருக்கு. இந்தப் போட்டோவத் தொறந்து பாருங்கன்னு போட்டிருந்துச்சு. நானும் தொறந்துட்டேன். இப்ப ஆபிஸ் கம்ப்யூட்டர்ல எதையுமே தொறக்க முடியல."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. திட்டவில்லை. சனிக்கிழமை நானுஓயாவிலிருந்து அண்ணனின் கூட்டாளி கிஷாந்த் போன் பண்ணினான். அவனுக்கும் அதே மெயில். "தங்கச்சி, ஒரு நிமிஷம் அவன் இருக்கான்னே நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெரிய ஆள் அப்படி அழுதான்.

அன்று மாலை இன்னொன்றையும் அவள் பார்த்தாள். அம்மா அண்ணன் படத்துக்கு முன்னால் தலைமுடி அவிழ, மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கணினித் திரைக்கு மேலே, கெமராவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான். பிரேமினிக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

"அம்மா, இன்னைக்கு அட்டன் கடைக்குக் கொண்டு போறோம்."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. லெப்டொப்பத்தான்."

ஜீவராணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவன் சாயங்காலம் வருவானே. அதுக்குள்ள திரும்பிருவோமா?"

"அது அண்ணன் இல்லம்மா. எவனோ ஒருத்தன் எங்கயோ இருந்துகிட்டு நம்ம கம்ப்யூட்டருக்குள்ள பூந்திருக்கான். அண்ணன் பேர்ல எல்லாருக்கும் மெயில் அனுப்புறான். நம்ம வீட்டுக்குள்ள பாக்குறான்."

"இங்கிலீசுல ஏதேதோ எழுதுறான் புள்ள. நா எங்கண்ணால பாத்தேன். நீதான் நம்ப மாட்டேங்கிற."

அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா சோலைமலை வாயைத் திறந்தார். "ராணி, புள்ள சொல்றதக் கேளேன்."

"நீங்க பேசாதீங்க. ஒங்க மேலயா விழுந்து கெடந்தான்?"

அவர் குனிந்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பாவம் மனுசன். கொழும்பில் ஒரு கடையில் காவல் வேலை பார்த்தவர், மகன் போன பிறகு திரும்பிப் போகவில்லை. பிரேமினி ரொட்டித் தட்டை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். "சாப்பிட்டீங்களா" என்று அந்த வீட்டில் அவரிடம் யாரும் கேட்பதில்லை. மகன் செத்த அன்றைக்குப் போனில் மகள் முதலில் கேட்டது அதைத்தான். வெறும் வயிற்றோடு இருக்கிற மனுசரிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்று கேட்டாள். "இப்பதான் சாப்ட்டேம்மா, நீங்கள்லாம் சாப்ட்டீங்களா?" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள்.

இதெல்லாம் நினைவுக்கு வந்தால் வேலை நடக்காது என்று பிரேமினி மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சரி, அண்ணன்தான் வர்றான்னே வச்சுக்குவோம். ஆனா இன்னொருத்தனும் வந்து அண்ணன் எடத்துல ஒக்காந்திருக்கான். அவன வெரட்ட வேணாமா?"

ஜீவராணி திரும்பினாள். "என் புள்ள எடத்துலயா?"

"ஆமாம்மா."

"அப்ப போவோம். ஆனா அணைக்கக் கூடாது. மூடவும் கூடாது. மூடுனா அது தூங்கிரும்."

பெற்ற தாயைச் சின்னப் பிள்ளையை ஏமாற்றுகிற மாதிரி ஏமாற்றிவிட்டோமே என்று பிரேமினிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மாத்துச் சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

நோர்வூட்டிலிருந்து அட்டன் போகிற பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெரிசலில் ஒரு பொம்பளை திறந்த மடிக்கணினியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். தூறல் படாமல் இருக்க அதன் மேல் ஒரு படங்கு போர்த்தியிருந்தது. எந்தப் படங்கு என்று பிரேமினிக்குத் தெரியும். அதைத் துவைக்கக்கூட அம்மா இதுவரை விடவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காளியாயி பார்த்துவிட்டாள். அடுத்த லயத்துக்காரி, வாய்த்துடுக்கு. "என்னாடி ராணி, கைப்புள்ளயத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டு வர்ற?"

"தனுஷனோடது."

காளியாயி எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, அட்டன் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

அட்டனில் சரிபுதீன் கடை என்றால் பழைய ஆட்கள் ரேடியோ கடை என்பார்கள். இப்போது போனும் கணினியும்தான் அங்கே ஓடுகின்றன. பழுது பார்க்கிற மேசை மகன் அக்ரமுடையது; சின்னவர்களுக்கு அவன் 'நானா', அதாவது அண்ணன். தனுஷன் இந்தக் கணினியைச் செகண்ட்ஹேண்டாக வாங்கியதும் இந்தக் கடையில்தான்.

அக்ரம் ஆளைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். "வாங்கம்மா, இருங்க. கேள்விப்பட்டேன், வர முடியாமப் போச்சு. தங்கமான மனுசன்."

பிரேமினி விவரம் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். முடிந்ததும் முதல் வேலையாகக் கணினியின் பக்கவாட்டில் குத்தியிருந்த இன்டர்நெட் டொங்கிளைக் கழற்றினான்.

"அத ஏன் தம்பி புடுங்குறீங்க?" ஜீவராணி பதறினாள்.

"கள்ளன் உள்ள இருக்கான்மா. மொதல்ல வெளிக்கதவச் சாத்தணும். அப்பறந்தான் ஆளத் தேடிப் புடிக்கலாம். இன்டர்நெட் இல்லாட்டி அவனுக்குக் கையும் இல்ல கண்ணும் இல்ல."

பிறகு அண்ணனின் இமெயில் கடவுச்சொல்லைப் பிரேமினியிடம் கேட்டு, கடையின் சொந்தக் கணினியிலிருந்தே அதை மாற்றினான். இதிலிருந்து மாற்றினால் புதுசையும் கள்ளன் பார்த்துவிடுவானாம். படங்களையும் பாட்டுகளையும் எழுத்துகளையும் வேறொரு டிஸ்க்கில் ஏற்றினான். "ஓடுற சாமான் ஒண்ணையும் எடுக்க மாட்டேன் தங்கச்சி, அதுக்குள்ளயும் ஒளிஞ்சிருப்பான்" என்றான். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணியும் பணிஸ் ரொட்டியும் வந்தன. ஜீவராணி தொடவில்லை. விடியற்காலையிலிருந்தே அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

மத்தியானம் கழிந்துதான் கள்ளன் வைத்த சாமான் கிடைத்தது. கணினி எழும்போதே கூட எழுகிற மாதிரி, ஏதோ பிரின்டருக்கு உரிய சாமான் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒளிந்திருந்தது. தூரத்தில் இருக்கிறவன் இந்தத் திரையைப் பார்க்கலாம், கெமராவைத் திறக்கலாம், தனுஷனாகவே மெயில் எழுதலாம்.

"இது கருமாதிக்குப் பொறகு ஏறினது. யாராச்சும் எதையாச்சும் அமுக்கினீங்களா?"

"நா இல்ல நானா," என்றாள் பிரேமினி.

"நாந்தான்," என்றாள் ஜீவராணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஒரு நா ஒரு பொட்டி வந்து நின்னுச்சு தம்பி. அதுல பச்சையா ஒரு கட்டம். எனக்கு எழுத்து தெரியாது. அவன்தான் உள்ள வரட்டுமான்னு கேக்குறான்னு நெனச்சேன். வா சாமின்னு சொல்லி அமுக்குனேன்."

அக்ரம் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "படிச்ச ஆளுகளே அமுக்கிருவாங்கம்மா. அவனுக அப்படித்தான் வருவானுக. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அவன் அந்தச் சனியனை வேரோடு பிடுங்கினான். ஆனால் வேலை முழுசாக முடிய வேண்டுமானால் கணினியை ஒரு தடவை அணைத்து எழுப்ப வேண்டும்.

"அது மட்டும் வேணாம்," என்றாள் ஜீவராணி.

"ரெண்டு நிமிஷந்தான்மா."

"அணைஞ்சா அணைஞ்சதுதான் தம்பி. வெளக்கு அணைஞ்சு ஏத்துனா அது வேற வெளக்கு." படங்கை மடியில் போட்டுக்கொண்டு, கணினியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவன் கை பட்டுத் தொறந்தது. அன்னையிலருந்து அப்படியே இருக்கு. அத அணைக்க ஒங்களுக்கு எப்படி மனசு வருது?"

பிரேமினிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நாலு மாதமாக அவளுந்தான் அண்ணனை இழந்தவள். அவளுக்காக அழ அந்த வீட்டில் இடமில்லாமல் போய்விட்டது. அப்பா பேசுவதில்லை, அம்மா திரையைவிட்டு எழுவதில்லை. "நானா, அந்தக் கள்ளன் எடுத்து வச்ச படம் ஏதாச்சும் உள்ள கெடக்கா? இருந்தா அம்மாவுக்குக் காட்டுங்க."

அக்ரம் தயங்கினான். "வேணாம் தங்கச்சி."

"காட்டுங்க."

கெமரா வழியாகக் கள்ளன் எடுத்த படங்கள் ஒரு மறைவான இடத்தில் குவிந்து கிடந்தன. அக்ரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தான். எல்லாம் ஒரே இடம், ஒரே ஆள். ஜீவராணி உட்கார்ந்திருக்கிறாள். தேத்தண்ணிக் கோப்பையை முன்னால் தள்ளுகிறாள். திரையைத் தடவுகிறாள். மாரில் அடித்துக்கொண்டு வாய் பிளந்து அழுகிறாள். சேலை விலகிக் கிடப்பதுகூடத் தெரியாமல் அழுகிறாள்.

ஜீவராணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நா இப்படி அழுவுறப்பல்லாம் இவன் பாத்துக்கிட்டா இருந்தான்?"

"ஆமாம்மா."

"பாத்துக்கிட்டு சும்மா இருந்தான்."

"ஆமா."

யாரிடமோ சொல்கிற மாதிரி அவள் சொன்னாள். "அப்ப இது எம்புள்ள இல்ல. எம்புள்ளயா இருந்தா நா அழுவுறதப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டான். நா படங்கு மறந்துட்டுப் போனதுக்கே மழையில ஓடியாந்தவன்."

கணினியின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். "எத அமுக்கணும்? நானே அமுக்குறேன்."

அக்ரம் காட்டினான். காம்பு கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன அந்த விரல் அமுக்கியது. திரை இருண்டது. அந்த இருட்டில் அம்மாவின் முகமும் தன் முகமும் சேர்ந்து தெரிவதைப் பிரேமினி பார்த்தாள். ஜீவராணி குரலெடுத்து அழவில்லை. மகளின் தோளில் சாய்ந்து, "போயிட்டான்டி" என்றாள். நாலு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பிரேமினி அம்மாவைக் கட்டிக்கொண்டு, தன் பங்கு அழுகையையும் அந்தக் கடையிலேயே அழுது தீர்த்தாள்.

திரை மறுபடி எழுந்தது. அக்ரம் உள்ளே எல்லா இடத்தையும் இன்னொரு தடவை துருவினான். பிறகு, வைரஸ் தேடுகிற சாமானுக்குப் புது அப்டேட் இறக்க வேண்டும் என்று டொங்கிளைத் திரும்பக் குத்தினான். வெளியே மேகம் இறங்கி, கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"தங்கச்சி," என்றான் திடீரென்று. "இங்க இன்னொண்ணு இருக்கு."

"இன்னொரு கள்ளனா?"

"அப்படித் தெரியல. இதுவும் தூரத்திலருந்து உள்ள வர்ற சாமான்தான். ஆனா களவா வந்ததில்ல. பேர மறைக்கல. தனுஷனே போன வருஷம் போட்டிருக்காரு. ஒரே ஒரு ஆளுக்கு, எப்ப வேணும்னாலும் வரலாம்னு சாவி குடுத்து வச்சிருக்காரு. வினோன்னு பேரு." அவன் இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தான். "நாளும் பொழுது சாயிற நேரத்துக்கு வந்துட்டுப் போறது இதுலதான். மெயில் அனுப்பினவன் வேற, இது வேற."

பிரேமினி திரையருகே குனிந்தாள். அப்படியானால் அம்மா சொன்னது பொய்யில்லை. சாயங்காலம் யாரோ வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கள்ளன் அல்ல, அண்ணனே கூப்பிட்ட ஆள்.

"எதுக்கும் இதையும் எடுத்துரட்டுமா?" என்றான் அக்ரம். "யாருன்னு தெரியாம கதவத் தொறந்து வைக்கிறது சரியில்ல."

"எடுத்துருங்க நானா."

அவன் கை போவதற்குள் அம்புக்குறி நகர்ந்தது.

மூன்று பேருமே மேசையை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். அம்புக்குறி நேராக 'வினோ பாடம்' என்ற கோப்புறைக்குப் போனது. வழி தெரிந்த கை அது. உள்ளே ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, நாள் தவறாமல் எழுதிய வரிகள் அதில் நிறைந்திருந்தன. அம்மா இங்கிலீஷ் என்று சொன்னது இதைத்தான்.

பிரேமினி மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"தனு, நான் ஜோர்தானுக்கு வந்தது ஒங்களுக்குப் புடிக்கலன்னு தெரியும். போன் எடுக்க மாட்டேங்கிறீங்க. ஆனா லெப்டொப் ஓடுது. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிச்சு."

"இன்னைக்கு எக்செல் பாடத்துல பாதி முடிச்சேன். கார்மென்ட்ஸ்ல நின்னு நின்னு கால் வீங்கியிருக்கு. எங்கிட்ட போன்தானே இருக்கு, ஒங்க லெப்டொப் இல்லாட்டி நான் எப்படிப் படிப்பேன்? கோவத்துலயும் அத அணைக்காம வச்சிருக்கீங்களே."

"பேச வேணாம். நீங்க இருந்தா போதும்."

"மெயில் வந்திச்சு. போட்டோ தொறக்க முடியல. ஆனா நீங்க அனுப்பினீங்களே. அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல அழுதேன்."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தின் அடியில் புது எழுத்துகள் வர ஆரம்பித்தன.

"இன்னைக்குப் பகல் பூரா லெப்டொப் வரல. பயந்துட்டேன் தனு. இப்ப வந்திருச்சு. அப்பாடா."

பிரேமினிக்கு மேலே வாசிக்க முடியவில்லை. இந்த ஒரு திரை எரிவதை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக அண்ணன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்ல?

"யாரு புள்ள அது?" என்றாள் ஜீவராணி.

"ஒரு பொண்ணும்மா. பேரு வினோதாவா இருக்கும். ஜோர்தான்ல கார்மென்ட்ஸ்ல வேல பாக்குது. அண்ணன் லெப்டொப்புக்குள்ள வந்து படிக்க வழி செஞ்சு குடுத்திருக்கான்."

"அவன விரும்புதா?"

"அப்படித்தான் தெரியுது."

"அவன் போனது...?"

"தெரியாதும்மா. கோவத்துல பேசாம இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

ஜீவராணி அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாத எழுத்துகள். மாதக்கணக்கில் பிள்ளையின் எழுத்து என்று நினைத்துத் தேத்தண்ணி வைத்தது இவற்றுக்குத்தான்.

அக்ரம் மெல்லச் சொன்னான். "இப்பவே எடுத்துட்டா அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாதும்மா. கதவு மூடிரும், அவ்வளவுதான்."

"வேணாம் தம்பி. சொல்லாம மூடக் கூடாது. நா எப்படி ஒக்காந்திருந்தேனோ அப்படியே அதுவும் ஒக்காந்திருக்கும். எத்தன வருஷம் ஒக்காந்திருக்கும்?" அவள் நிமிர்ந்தாள். "சொல்லிருவோம். பொறகு நீங்க எதெத எடுக்கணுமோ எடுங்க. பிரேமி, நா தனுஷனோட அம்மான்னு எழுது."

பிரேமினி எழுதினாள்.

அம்புக்குறி அப்படியே நின்றது. வெகு நேரம் நின்றது. ஜோர்தானில் ஒரு பெண் தன் கையிலிருக்கும் போனைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பாள் என்று பிரேமினி நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுத்துகள் வேகமாக வந்தன.

"அம்மாவா? ஒங்களப் பத்தி தனு நெறைய சொல்லியிருக்காரு. அம்மா, தனு பக்கத்துல இருக்காரா?"

பிரேமினி அதை வாசித்துச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அவளால் முடியாது. அப்பாவுக்கு ஒரு தடவை சொன்னவள். இன்னொரு ஆளுக்குத் தன் வாயால் சொல்லத் தெம்பில்லை.

"அம்மா, என்ன எழுதுறது?"

ஜீவராணி மடியில் கிடந்த படங்கை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சாப்பிட்டியான்னு கேளு," என்றாள்.

பிரேமினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். பதில் உடனே வந்தது.

"இன்னும் இல்லம்மா. வேல விட்டு இப்பதான் ரூமுக்கு வந்தேன். தனு எங்க?"

"மொதல்ல போய்ச் சாப்பிடச் சொல்லு. அவசரமில்ல, ஆறுதலா சாப்பிட்டுட்டு வரச் சொல்லு." ஜீவராணியின் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "நா இங்கயே ஒக்காந்திருக்கேன்னு எழுது. அது வர்ற வரைக்கும் அணைக்க மாட்டோம்னு எழுது."

கடை மூடும் நேரமாகி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த அக்ரம் அதை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.